ஈரக் கார்ப்பெட்டை விட்டு இறங்கும் முதல் அடி: வழுக்கி விழாமல் வேலையை முடிக்கும் முறை

நனைந்த கார்ப்பெட்டின் மேல் நடப்பவர் அவ்வளவு சுலபத்தில் வழுக்கி விழுவதில்லை. இழைகள் செருப்பின் அடியைப் பிடித்துக்கொள்ளும். கார்ப்பெட் முடிந்து டைல்ஸோ கிரானைட்டோ தொடங்கும் விளிம்பில்தான் ஆபத்து இருக்கிறது. சோப்புத் தண்ணீர் ஊறிய காலோடு பளபளப்பான தரையில் வைக்கும் முதல் இரண்டு மூன்று அடிகள் ஆளைச் சாய்க்கும். அதுவரை பிடிப்புள்ள தரையில் நடந்த வேகத்திலேயே உடம்பு முன்னே போகும், கால் மட்டும் பிடிப்பை இழக்கும். அதனால் மண்டபம், பள்ளிவாசல், விடுதிகளில் கார்ப்பெட் கழுவும் வேலைக்குப் போகிறவர்களுக்கான இந்தக் குறிப்புகள் எல்லாமே அந்த விளிம்பைச் சுற்றியே வருகின்றன. எங்கே தொடங்குவது, மெஷினை எங்கே நிறுத்துவது, எவ்வளவு தண்ணீர் விடுவது என்று எதை முடிவு செய்தாலும், முதலில் ஆட்கள் எந்த விளிம்பு வழியாக இறங்குவார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காவிரி டெல்டாவில் இந்த வேலைக்குச் சில கூடுதல் தொல்லைகள் உண்டு. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரக் கல்யாண மண்டபங்களில் பெரும்பாலும் வழவழப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டு, அதன்மேல் மெல்லிய சிவப்பு கார்ப்பெட்டை டபுள் சைடு டேப்பில் ஒட்டியிருப்பார்கள். வாசலில் வண்டல் மண்ணும் களிமண்ணும் காலோடு வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருப்பதால் எதுவும் காயாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் போனால் போர் தண்ணீர் உப்பு. அதில் கார்ப்பெட் ஷாம்பூ சரியாக நுரைக்காது, நுரைக்கவில்லை என்று ஆட்கள் இன்னும் இரண்டு மூடி ஊற்றுவார்கள். அந்தக் கூடுதல் மூடிகள்தான் பிறகு தரையில் வழுக்கும் படலமாக நிற்கும்.

வேலைக்கு முந்தைய நாள் பார்க்க வேண்டியவை

இடத்தை நேரில் போய்ப் பாருங்கள், போனில் கேட்டு எழுதிக்கொள்வது போதாது. கார்ப்பெட் எத்தனை சதுர அடி என்பது மேனேஜருக்குத் தெரியும். அது எந்தப் பக்கம் எந்தத் தரையில் முடிகிறது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். விளிம்பை ஒட்டிய தரையில் ஒரு கை தண்ணீர் தெளித்து, வேலைக்குப் போடும் அதே செருப்பின் முன்பகுதியை அழுத்தித் திருப்பிப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்றால் அந்த வாசல் வழியாக யாரையும் விடக்கூடாது, வேறு வழி தேட வேண்டும். மொசைக்கும் பழைய சிவப்பு ஆக்சைடு தரையும் காய்ந்திருக்கும்போது நல்ல பிடிப்பாகத் தோன்றும். ஆண்டுக்கணக்காக எண்ணெய் தேய்த்து மெருகேற்றிய வீடுகளில் ஈரம் பட்டதும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

தண்ணீர் பிடிக்கும் இடம், அழுக்குத் தண்ணீரை ஊற்றும் இடம், 15 ஆம்ஸ் பிளக், படிகள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் படமாகப் போடுங்கள். அழுக்குத் தண்ணீர் போகும் வழி, ஆள் நடக்கும் வழியைக் குறுக்கே வெட்டக்கூடாது. வெட்டினால் வேலை நேரம் முழுக்க ஒருவர் மாப்போடு அங்கேயே நிற்க வேண்டியிருக்கும். அந்த ஆளுக்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள்.

அடுத்தது நேரம். காலை முகூர்த்தம் என்றால் முந்தைய நாள் மாலையே மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிடுவார்கள். எனவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். நன்றாக உறிஞ்சி எடுத்து, காற்றடிக்கும் பிளோயரும் ஓடினால் வெயில் நாளில் கார்ப்பெட் காய 6 முதல் 8 மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் காற்றோட்டம் இல்லாத மண்டபத்தில் ஒரு நாள் முழுக்க ஆனாலும் வியப்பில்லை. இரண்டு கல்யாணத்துக்கு நடுவில் 5 மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் தண்ணீர் விட்டுக் கழுவும் வேலையை ஏற்காதீர்கள். வாக்யூம் போட்டு, கறைகளை மட்டும் துடைத்துக் கொடுங்கள். முழுக் கழுவலுக்கு ஆடி மாதம்தான் தோது: முகூர்த்தம் இல்லை, காற்றும் வீசும். மார்கழியிலும் மண்டபம் காலிதான். ஆனால் பனி இறங்குவதால் இரவு வேலை வேண்டாம், காலை பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள்.

பள்ளிவாசல்களில் ஐந்து வேளைத் தொழுகை நடப்பதால் மொத்தக் கூடத்தையும் ஒரே நேரத்தில் நனைக்க முடியாது. இரவுத் தொழுகையான இஷா முடிந்ததும் பின்வரிசைகளில் மூன்று நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிகாலைத் தொழுகையான ஃபஜ்ருக்குள் காயவைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். வியாழக்கிழமை இரவு தொடவே வேண்டாம், மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக் கூட்டம் ஈரத்தில் நிற்க நேரும். அங்கே இன்னொரு விஷயம்: ஒளு செய்துவிட்டு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) ஈரக்காலோடு வெறும் காலில் வருவார்கள். விளிம்பில் சோப்புப் படலம் மிச்சமிருந்தால் அந்த ஈரமே அதை மறுபடி உயிர்ப்பித்துவிடும். வேளாங்கண்ணி விடுதிகளில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. ஒரு குடும்பம் காலி செய்த அறைக்குள் அடுத்த குடும்பம் உடனே நுழையும் நாட்கள் அவை. காய நேரமில்லாத அறைக் கார்ப்பெட்டை அந்த நாட்களில் நனைக்கவே கூடாது.

முதலில் உலர் வேலை

களிமண் காய்ந்திருந்தால் தூசி, நனைந்தால் சேற்றுக் குழம்பு. வாசல் பக்கத்து மண்ணை எடுக்காமல் மேலே தண்ணீர் தெளித்தால், மெஷின் உறிஞ்சியது போக மீதிக் குழம்பு விளிம்பு வழியாக டைல்ஸில் வழியும். அதனால் மண்ணைக் காயவிட்டு, கட்டை பிரஷ்ஷால் உதிர்த்து, வாக்யூம் போடுங்கள். வாசலில் இருந்து முதல் பத்தடிக்கு நெடுக்கில் இரண்டு முறை, குறுக்கில் இரண்டு முறை. உலர் மண் எவ்வளவு போகிறதோ அவ்வளவு ஷாம்பூ மிச்சம், தண்ணீரும் மிச்சம்.

மணவறைப் பக்கம் நெய், விளக்கெண்ணெய், சந்தனம், மெழுகு, நசுங்கிய பூ என்று எல்லாம் கலந்து கிடக்கும். வெந்நீர் பட்டதும் எண்ணெய் கரைந்து போய்விடும் என்று நினைக்க வேண்டாம், அது பரவத்தான் செய்யும். கடலை மாவோ சமையல் சோடாவோ தூவி, கால் மணி நேரம் விட்டு, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஈர வேலை தொடங்க வேண்டும். மஞ்சள் பட்ட இடத்தில் காரத்தன்மையுள்ள ஷாம்பூ போட்டால் கறை செம்பழுப்பாக மாறும். வழுக்கலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் பழி உங்கள் தலையில் விழும், முன்பே சொல்லி வையுங்கள்.

ஓரங்கள் தூக்கி நிற்கின்றனவா, டேப் விட்டிருக்கிறதா, வாசல் அலுமினியப் பட்டையில் ஸ்க்ரூ மேலே துருத்தியிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். வழுக்கி விழுபவர்களைப் போலவே தடுக்கி விழுபவர்களும் உண்டு. தூக்கி நிற்கும் ஓரம் நனைந்தால் இன்னும் சுருளும்.

காலில் என்ன போடுவது

வெறும் காலில் வேலை செய்வது நம் ஊரில் வழக்கம். ஷாம்பூவின் காரம் பாதத் தோலை அரிக்கும், சோப்பு பட்ட பாதம் டைல்ஸில் நிற்காது, ஈரத்தில் கரண்ட் வேலை வேறு. தேய்ந்த ஹவாய் செருப்பு அதைவிட மோசம்: அடியில் வரியே இருக்காது, பட்டையும் எந்த நேரம் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளும். மலிவான பி.வி.சி. கம்பூட்டின் அடி கெட்டியாக இருப்பதால் ஈர டைல்ஸில் சறுக்கும். மென்மையான ரப்பர் அடி, தண்ணீர் வெளியேற ஆழமான வரிகள், பின்னால் பிடித்துக்கொள்ளும் பட்டை அல்லது மூடிய குதிகால் ஆகிய மூன்றும் இருக்கும் காலணி வாங்குங்கள். கட்டை விரலால் அழுத்தினால் அடி கொஞ்சம் அமுங்க வேண்டும். வரிகள் தேய்ந்து மழுங்கியதும் மாற்றிவிடுங்கள், மேல்பாகம் கிழியும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு கூடத்தில் அழுக்குப் படாமல் இருக்கச் செருப்பின் மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டச் சொல்வார்கள். ஈர வேலையில் அதை மறுத்துவிடுங்கள். நனைந்த பிளாஸ்டிக் உறையோடு டைல்ஸில் கால் வைப்பது, விழுவதற்கு நாமே ஏற்பாடு செய்வதற்குச் சமம். கார்ப்பெட்டுக்கு ஒரு ஜோடி, வெளித்தரைக்கு ஒரு ஜோடி என்று இரண்டு ஜோடி வைத்து விளிம்பில் மாற்றிக்கொள்வதே நல்லது.

ஓஸும் ஒயரும்

தண்ணீர் விட்டு உடனே உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்ஷன் மெஷினில், வாண்டை (உறிஞ்சும் வாய் உள்ள நீளக் கைப்பிடியை) பிடித்தவர் பின்னோக்கி நடந்துகொண்டே இழுக்கிறார். அவருக்குப் பின்னால் மெஷினின் ரப்பர் குழாய், அதாவது ஓஸ் கிடக்கிறது. தன் ஓஸிலேயே கால் மாட்டி மல்லாந்து விழுவது இந்தத் தொழிலுக்கே உரிய விபத்து. தலையின் பின்பக்கம் தரையில் மோதும் என்பதால் இதைச் சின்ன விஷயமாக எடுக்கக்கூடாது. ஓஸ் பிடிக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். வாண்டுக்காரர் நடக்கும் பாதைக்கு ஒரு பக்கமாக, சுவரோரம் ஓஸை ஒதுக்கி, மிச்சத்தை வளையமாகச் சுருட்டிக்கொண்டே வருவதுதான் அவர் வேலை. போன் பார்ப்பதற்கான ஆள் அல்ல அவர்.

ஒயர் மெஷினில் இருந்து சுவருக்கு நேராகக் காற்றில் தொங்கக்கூடாது. சுவரோரமாகவே கொண்டுபோய், வாசலைக் கடக்க வேண்டிய இடத்தில் தரையோடு அகலமான டேப் போட்டு ஒட்டுங்கள், அல்லது நிலைக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். சிவப்பு கார்ப்பெட்டில் கறுப்பு ஒயர் இரவு வெளிச்சத்தில் தெரியாது, மஞ்சள் ஒயர் வாங்குங்கள். மெஷின் 1500 முதல் 2000 வாட் இழுப்பதால் எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். இருக்கட்டும், டிரம்மில் சுற்றியதை முழுக்கப் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஈரத் தரையில் கிடக்கக்கூடாது, நாற்காலி மேல் ஏற்றுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் இல்லாத லைனில் வேலை வேண்டாம். விழும் மனிதர் கைக்கு எட்டியதைப் பிடிப்பார், அது பிளோயராகவும் இருக்கலாம்.

தண்ணீரையும் ஷாம்பூவையும் அளந்து விடுங்கள்

லேபிளில் 1:40 என்று போட்டிருந்தால் 10 லிட்டருக்கு 250 மில்லி. மூடிக் கணக்கு வேண்டாம், ஒரு மருந்து அளவுக் குவளை வாங்கி வண்டியில் கட்டிவிடுங்கள். உப்புத் தண்ணீர் ஊரில் நுரை வரவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள், அழுக்கை எடுப்பது நுரை இல்லை. அந்த ஊர்களில் கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருமானால் அலசலுக்கு அந்தத் தண்ணீரைப் பிடித்து வைப்பது பலன் தரும். கம்பளி கார்ப்பெட்டுக்கு பி.ஹெச். (அமில-கார அளவு) 8.5-க்குக் கீழ் உள்ள ஷாம்பூவே வேண்டும்.

அலசலுக்கு முன் ஷாம்பூக் கரைசலைத் தெளிக்கும் முன்தெளிப்பு நூறு சதுர அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். பத்து பதினைந்து நிமிடம் ஊறட்டும், காய்ந்துவிடக் கூடாது. விளிம்பில் இருந்து ஓரடிக்குள் வரும்போது ஸ்ப்ரேயரை நிறுத்திவிட்டு, நனைத்த துணியால் ஷாம்பூவைத் தடவுங்கள். தெளிக்கும்போது பறக்கும் துளிகள் டைல்ஸில் இரண்டடி தூரம் போய் விழும். கண்ணுக்குத் தெரியாது, கால் பட்டால்தான் தெரியும். கறை ஒட்டாமல் இருக்கக் கடைசியில் அடிக்கும் ப்ரொடெக்டர் ஸ்ப்ரேக்கும் இதே எச்சரிக்கை, இரட்டிப்பாக. அது தரையில் பட்டுக் காய்ந்த பிறகும் வழுக்கும்.

அடுத்து உறிஞ்சல். ஒரு இழுவை தண்ணீர் விட்டு, அதே தடத்தில் இரண்டு இழுவை தண்ணீர் விடாமல். மழைக்காலத்தில் நான்கு. உலர் இழுவையின் வேகம் நொடிக்கு ஓரடி, அதைவிட வேகமாக இழுத்தால் தண்ணீர் கார்ப்பெட்டிலேயே தங்கும். ஒவ்வொரு தடமும் முந்தையதன் மேல் இரண்டு அங்குலம் ஏற வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் உள்ளே நின்றுவிட்டது என்று கணக்குப் பார்க்கும் வழி எளிது, ஆனால் பலர் செய்வதில்லை. 500 சதுர அடிக்கு 10 லிட்டர் முன்தெளிப்பும் 40 லிட்டர் அலசலும் போயிருக்கிறது என்று வையுங்கள். அழுக்குத் தொட்டியில் 38 லிட்டர் வந்தால், 12 லிட்டர் கார்ப்பெட்டில் இருக்கிறது. விட்டதில் முக்கால் பங்காவது திரும்பி வர வேண்டும். வராவிட்டால் வேலையை நிறுத்திக் காரணம் தேடுங்கள். வழக்கமான குற்றவாளிகள்: தொட்டி மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கும், பில்டரில் நூல்குப்பை அடைத்திருக்கும், ஓஸில் கீறல் இருக்கும், வாண்டின் வாய் தரையோடு படியாமல் ஒரு பக்கம் தூக்கியிருக்கும், நுரை ஏறி மிதவை வால்வை மூடியிருக்கும். கடைசியது என்றால் தொட்டியில் நுரைக்கொல்லி ஊற்றுங்கள், பிறகு ஷாம்பூ அளவைச் சரி பாருங்கள், உண்மையான கோளாறு அங்கேதான். மாலையில் வோல்டேஜ் இறங்கினாலும் உறிஞ்சல் குறையும். மோட்டார் சத்தம் மாறுவதை வைத்தே தெரியும்.

மண்டபத்து மெல்லிய கார்ப்பெட்டுக்கு இந்தக் கணக்கிலும் பாதித் தண்ணீர்தான். அதற்கு அடியில் தண்ணீரைத் தடுக்கும் கனமான படுகை இல்லை. விட்ட தண்ணீர் நேராக டைல்ஸுக்கு இறங்கி, கார்ப்பெட்டுக்கும் தரைக்கும் நடுவே சிறைப்படும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். மறுநாள் நூறு பேர் நடக்கும்போது அது விளிம்பு வழியாகப் பிதுங்கி வரும், டேப்பும் விட்டுக் கார்ப்பெட்டே வழுக்கும். வேலை முடிந்ததும் மூன்று நான்கு இடத்தில் மூலையைத் தூக்கி அடித்தரையைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமிருந்தால் அந்த ஓரத்தை மடித்துவிட்டு, துடைத்து, காற்றடித்து, இரண்டு பக்கமும் காய்ந்த பிறகே புது டேப் போடுங்கள். ஈரத்தில் ஒட்டிய டேப் ஒரு வரவேற்புக்குக்கூடத் தாங்காது.

விளிம்பைக் காப்பது

வேலை எப்போதும் வாசலுக்கு மிகத் தூரமான மூலையில் தொடங்கி, வாசலை நோக்கி வரட்டும். மெஷின் வாசல் பக்கம் நிற்கும். நனைத்த இடத்தின் மேல் மறுபடி நடந்துதான் வெளியே வர வேண்டும் என்கிற நிலை எந்தக் கட்டத்திலும் வரக்கூடாது. கூடத்துக்கு இரண்டு வாசல் இருந்தால் ஒன்றைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கயிறு கட்டினால் குனிந்து வருவார்கள்.

திறந்திருக்கும் வாசலில், கார்ப்பெட் முடியும் கோட்டில் இருந்து மிதியடி விரியுங்கள். ஒருவரின் சாதாரண நடையில் ஓரடி வைப்பு முக்கால் மீட்டர் சுமார். இரண்டு காலும் தலா இரண்டு முறை மிதியடியில் பட வேண்டுமானால் மூன்று மீட்டர் நீளம் தேவை. அரை மீட்டர் கால்மிதி போட்டுவிட்டுப் போனால் ஒரு கால் மட்டும் துடைபடும், மற்றது நேராக டைல்ஸில் இறங்கும். மிதியடிக்கு அடியில் ரப்பர் இருக்க வேண்டும். நெல் மூட்டை ஊரில் சாக்குக்குப் பஞ்சமில்லை, அதனால் சாக்கை விரித்துவிடுவது பழக்கமாகிவிட்டது. ஈர டைல்ஸில் சாக்கு தானே நழுவும், இப்போது வரும் பிளாஸ்டிக் சாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ரப்பர் மிதியடி கிடைக்காத இடத்தில் கனமான பருத்தித் துண்டுகளை விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டுங்கள். பிழிந்தால் சொட்டும் நிலைக்கு வந்ததும் மாற்ற, கையில் குறைந்தது இன்னொரு செட் இருக்கட்டும்.

எச்சரிக்கைப் பலகை ஈரத்தின் மேல் வேண்டாம், ஈரத்துக்கு நான்கைந்து அடி முன்னால் வையுங்கள். படமும் தமிழும் இருக்கட்டும், பாட்டிக்கும் பேரனுக்கும் புரிய வேண்டும். பலகையை நம்பி மட்டும் இருக்காதீர்கள். மண்டபத்தில் சமையல்காரர், பூக்காரர், மைக் செட்காரர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். “அண்ணே, ஈரமா இருக்கு, அந்தப் பக்கமா வாங்க” என்று சொல்ல வாசலில் ஒரு குரல் வேண்டும்.

அழுக்குத் தண்ணீரை வாளியில் தூக்கிப் போகும்போது முக்கால் வாளிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடி போடுங்கள். மெஷினையே கழிவுநீர்த் துளைவரை உருட்டிக்கொண்டு போக முடிந்தால் அதுதான் சிறந்தது. வடிகால் ஓஸின் நுனியை முதலில் துளைக்குள் செருகிவிட்டுப் பிறகு வால்வைத் திறங்கள். இந்த வரிசை மாறியதால் நனைந்த தரைகள் ஏராளம்.

படிகள்

மணமேடைப் படியோ ஹோட்டல் மாடிப்படியோ, மேல்படியில் தொடங்கிக் கீழே இறங்கி வாருங்கள். நீங்கள் நிற்பது சுத்தம் செய்யும் படிக்கு இரண்டு மூன்று படி கீழே, முகம் மேல்நோக்கி. அப்படியானால் கால் எப்போதும் காய்ந்த படியில் இருக்கும். மெஷின் கீழ்த்தளத்திலேயே நிற்கட்டும், படியில் சாய்த்து வைத்த மெஷின் உருண்டு வரும். நீளக் கைப்பிடி வேண்டாம், சிறிய கைக்கருவி போதும். ஓஸ் சுவர்ப்பக்கம், கைப்பிடிக் கம்பி காலியாக. படி விளிம்பில் ஷாம்பூ தங்கவே கூடாது, அங்கே இரண்டு இழுவை கூடுதலாகப் போடுங்கள். மெஷினை மேடைக்கு ஏற்றவே வேண்டுமென்றால் தொட்டிகளைக் காலி செய்துவிட்டு இருவர் தூக்குங்கள். 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ, ஏறும் வழியில் அது உள்ளே அலைந்து ஆளைச் சாய்க்கும்.

காயவைத்தல்

முதல் பிளோயர் கூடத்தின் நடுவில் தேவையில்லை, வாசல் விளிம்புக்குத்தான் தேவை. காற்று கார்ப்பெட்டின் மேல்பரப்பை ஒட்டிச் சாய்வாகப் போகட்டும். ஓரத்தைத் தூக்கி அடியில் காற்று விட்டால் சீக்கிரம் காயும் என்பது உண்மை, ஆனால் தூக்கிய ஓரத்தில் யாராவது தடுக்குவார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத பூட்டிய கூடத்தில் மட்டும் செய்யுங்கள்.

வெயில் நாளில் ஜன்னல்களைத் திறங்கள். அடைமழை நாளில் திறந்தால் வெளி ஈரமும் உள்ளே வரும். ஏ.சி. உள்ள கூடமானால் அன்று கதவை மூடி, டிரை மோடில் ஓட்டுவதே சரி. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏ.சி.யில் சில மணி நேரம் குளிர்ந்த டைல்ஸ் மேல் கடலோரத்து ஈரக்காற்று பட்டால் தரை வியர்க்கும். வாசலை விரியத் திறந்த சில நிமிடங்களில் வாசலோரம் மெல்லிய தண்ணீர்ப் படலம் படியும், அதோடு மிச்ச ஷாம்பூவும் சேர்ந்துகொள்ளும். யாரும் தண்ணீர் கொட்டாமலே தரை நனைந்திருப்பதைப் பார்த்து ஒருவரையொருவர் குற்றம் சொல்வார்கள். திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏ.சி.யை நிறுத்தி, ஃபேனை ஓடவிட்டு, தரை சூடேறிய பிறகு திறங்கள்.

கரண்ட் போனால் பிளோயர் மட்டும் நிற்பதில்லை, வெளிச்சமும் போகிறது. மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் எந்த நாள் என்று மின்வாரிய அறிவிப்பைப் பார்த்துத் தேதி குறியுங்கள். ஜெனரேட்டர் மாறும் அந்த நிமிடத்துக்கு வாசலில் ஒரு எமர்ஜென்சி லைட் போதும்.

ஒப்படைக்கும் முன்

கூடத்து விளக்கு வெளிச்சத்தில் ஈரமான டைல்ஸும் காய்ந்த டைல்ஸும் ஒரே மாதிரி மின்னும். டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்த மாதிரி அடியுங்கள், படலம் இருந்தால் பளிச்சென்று தெரியும். விளிம்பில் இருந்து மூன்று மீட்டர் வரை வெறும் தண்ணீரால் இரண்டு முறை மாப் போடுங்கள், இரண்டாவது முறைக்குத் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு காய்ந்த மாப். வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்தால் வழவழப்போ நுரையோ வரக்கூடாது. வந்தால் மூன்றாம் முறை.

கார்ப்பெட்டின் மேல் மடித்த டிஷ்யூ தாளை வைத்து அதன்மேல் ஒரு காலில் பத்து நொடி நில்லுங்கள். தாளில் ஈரம் ஏறினால் இன்னும் திறக்கும் நேரம் வரவில்லை. இதை மேனேஜர் முன்னால் செய்து காட்டுவது நல்லது, “மேல காஞ்சிடுச்சே” என்ற வாதம் அதோடு முடியும். அவசரமாகத் திறந்தே ஆக வேண்டும் என்றால் மிதியடிகளை அவர்களிடமே விட்டுவிட்டு, மறுநாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்து ஊழியர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள்: இன்று பினாயில் போட வேண்டாம். நீங்கள் வண்டியில் ஏறியதுமே வாசலைப் “பளிச்சென்று” வைக்க வெள்ளைப் பினாயிலைத் தாராளமாக ஊற்றித் துடைப்பது வழக்கம். அளவு மிஞ்சிய பினாயில் எண்ணெய்ப் பசையாகத் தரையில் நிற்கும், நீங்கள் துடைத்தெடுத்ததெல்லாம் வீண். தரை பாலிஷும் அதே கணக்கில்தான், அன்றைக்கு வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் யாராவது விழுந்தால், கைகளைப் பிடித்துத் தூக்கி நிறுத்த ஓடாதீர்கள். தலை அடிபட்டதா, இடுப்பு வலிக்கிறதா, காலை அசைக்க முடிகிறதா என்று கேளுங்கள். வயதானவர் விழுந்து இடுப்பு வலிக்கிறது என்றாலோ, பின்மண்டை மோதி மயக்கமோ வாந்தியோ வந்தாலோ அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். மெஷினை பிளக்கில் நிறுத்துங்கள். அந்த இடத்தைத் துடைப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எந்த விளிம்பில், எந்தத் தரையில், மிதியடி இருந்ததா என்பதை அதே நாளில் எழுதி வைத்தால், அடுத்த முறை அந்த மண்டபத்துக்கு வண்டியில் என்ன ஏற்ற வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.